நாதத்தை வடிகட்டும் குமிழ்கள்

வாத்தியத்திலிருந்து புறப்படும் மெல்லிய மின்னசைவை ஒலிபெருக்கி பெரிதாக்கித் தருகிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அதன் முகப்பில் பேஸ், மிடில், டிரெபிள் என்று பெயர் பொறித்து வைத்திருக்கும் மூன்று குமிழ்களும், வால்வு வைத்த கிதார் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவற்றில், எதையுமே பெரிதாக்குவதில்லை என்பதும், அவற்றின் தொழில் முழுவதும் குறைப்பதும் கழிப்பதுமே என்பதும், பல வருஷங்கள் மேடையில் வாசித்துப் பழகிய வித்துவான்களுக்குக்கூடச் சற்று வியப்பை அளிக்கக்கூடும். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் லம்பங்கள் எனப்படும் வெள்ளீயச் சுரங்கங்கள் மும்முரமாக இயங்கிய காலத்தில், பம்பு வைத்து ஏற்றிய சேற்றுநீரைப் பாலோங் என்னும் நெடிய மரச் சாய்வின்மேல் ஓடவிட, கனத்த தாது குறுக்குச் சட்டங்களின் அருகே படிய, மணலும் மண்ணும் நீரோடு கீழே போய்ச் சேர்ந்தன. பாலோங் தன் பங்குக்கு ஒரு குன்றிமணி ஈயத்தையும் உற்பத்தி செய்ததில்லை. வந்தவற்றுள் எதை நிறுத்துவது, எதைப் போகவிடுவது என்பதொன்றே அதன் வேலை. டோன் கண்ட்ரோல் எனப்படும் மின்சுற்றின் வேலையும் அத்தகையதே. அங்கே கனத்தைக் கொண்டு பிரித்தார்கள், இங்கே அதிர்வெண்ணைக் கொண்டு பிரிக்கிறோம்.

ஆகவே, ஒருவர் நம்மிடம் வந்து டோன் கண்ட்ரோல் கெட்டுவிட்டது என்று முறையிடும்போது, நாம் முதலில் கேட்க வேண்டியது, நாதத்தின் எந்தப் பகுதி காணாமற் போயிற்று, அல்லது போயிருக்க வேண்டிய எந்தப் பகுதி போகாமல் நின்றுவிட்டது என்பதுதான். இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால், திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே பழுதின் இருப்பிடம் பெரும்பாலும் அனுமானத்தில் அகப்பட்டுவிடும். பெட்டியைத் திறந்தவுடன் கண்ணில் பட்ட பாகத்தையெல்லாம் கழற்றி மாற்றும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு; அம்முறையிலும் சில சமயம் பழுது நீங்கிவிடுவது வாஸ்தவமே, ஆனால் எதனால் நீங்கியது என்பது நீக்கியவருக்கே தெரியாமற் போகிறது.

இந்த வடிகட்டலைச் செய்யும் முக்கியக் கருவி கண்டென்சர். நேர்மின்னோட்டத்தை அது அறவே தடுத்துவிடுகிறது. மாறுமின்னோட்டத்தையோ, அதிர்வெண் ஏற ஏறத் தாராளமாகப் போகவிடுகிறது. அது காட்டும் எதிர்ப்பைக் கணக்கிடுவதும் எளிது: அதிர்வெண், கொள்ளளவு, 6.28 ஆகிய மூன்றையும் பெருக்கி, வரும் தொகையால் ஒன்றை வகுத்தால் ஓம் கணக்கில் விடை வந்துவிடும். 250 பைக்கோஃபாரட் அளவுள்ள சிறு கண்டென்சர் ஒன்று 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 64 லட்சம் ஓம் எதிர்ப்பைக் காட்டும். 1,000 ஹெர்ட்ஸில் அது 6.4 லட்சமாகவும், 10,000 ஹெர்ட்ஸில் 64,000 ஆகவும் இறங்கிவிடும். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்பதை நினைவிற் கொண்டால், அத்தந்தியின் ஆதார நாதத்துக்கு இந்தக் கண்டென்சர் அனேகமாகப் பூட்டிய கதவு என்பதும், தந்தியை மீட்டும் நகத்தின் கீச்சொலிக்குத் திறந்த கதவு என்பதும் விளங்கும். 0.1 மைக்ரோஃபாரட் அளவுள்ள பெரிய கண்டென்சரோ 100 ஹெர்ட்ஸிலேயே 16,000 ஓம்தான் காட்டும்; கனத்த கார்வைகளுக்கு வழிவிடுவது அதுவே.

1960-களின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஒலிபெருக்கியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்; அதன் அமைப்பைச் சிறுசிறு மாறுதல்களுடன் எண்ணற்ற ஒலிபெருக்கிகள் பின்பற்றியிருப்பதால், இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவையும் விரைவில் வசமாகும். முதல் வால்வின் ஆனோடிலிருந்து வரும் மின்சைகை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை 250 பைக்கோஃபாரட் கண்டென்சர் வழியாக, டிரெபிள் குமிழின் பின்னுள்ள மாறுதடையாகிய டிரெபிள் கண்ட்ரோலின் மேல்முனையை அடைகிறது. மற்றொரு கிளை ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டரைக் கடந்து, மறுபடியும் இரண்டாகி, 0.1 மைக்ரோஃபாரட் வழியே டிரெபிள் கண்ட்ரோலின் கீழ்முனையும் பேஸ் கண்ட்ரோலின் மேல்முனையும் கூடுமிடத்துக்கும், 0.047 மைக்ரோஃபாரட் வழியே பேஸ் கண்ட்ரோலின் கீழ்முனையும் மிடில் கண்ட்ரோலும் கூடுமிடத்துக்கும் செல்கிறது. மிடில் கண்ட்ரோலின் மறுமுனை சேஸிஸ் என்னும் உலோகச் சட்டத்தில் தரைப்பட்டிருக்கிறது. டிரெபிள் கண்ட்ரோலில் குமிழோடு நகரும் நடுமுனையில் கிடைப்பதே அடுத்த நிலைக்குப் போகும் நாதம். நடு அதிர்வெண்களில் பெரும்பகுதி 0.047 வழியாகத் தரைக்கு இறங்கிவிடுவதால், உள்ளே வந்ததில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே அப்பகுதியில் வெளியே போகிறது. இந்த நஷ்டத்தை ஈடுசெய்யவே பின்னால் இன்னொரு வால்வை வைத்திருக்கிறார்கள்.

இங்கே வேறொரு மரபையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். 1949-ல் ஜேம்ஸ் என்பவர் வயர்லெஸ் வோர்ல்ட் பத்திரிகையில் எளிய டோன் கண்ட்ரோல் சுற்றொன்றை வெளியிட்டார். 1952 அக்டோபரில் அதே பத்திரிகையில் பீட்டர் பாக்ஸண்டால் என்னும் ஆங்கிலப் பொறியாளர், எதிர்ப் பின்னூட்டத்தைக் கையாண்டு, பேஸையும் டிரெபிளையும் ஒன்றையொன்று அதிகம் தீண்டாமல் கூட்டவும் குறைக்கவும் வழி காட்டினார். வானொலிப் பெட்டியிலும் கீபோர்டுக்குரிய டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கிகளிலும் நாம் திருகும் குமிழ்கள் பெரும்பாலும் இவ்விருவர் வழி வந்தவையே.

ஃபெண்டர் வகையிலோ மூன்று குமிழ்களும் ஒன்றின் காரியத்தில் ஒன்று தலையிடும். இந்தச் சுபாவத்தை அறியாததால் பழுதல்லாதது பழுதாகத் தோன்றுவதுண்டு. டிரெபிளை முழுதும் ஏற்றிவைத்துவிட்டு, பேஸைத் திருகினால் ஒன்றும் நிகழவில்லையே என்று வருந்துவார்கள். சைகையை எடுக்கும் நடுமுனை மேல்முனையோடு ஒட்டி நிற்கும்போது கீழ்முனையில் நடப்பது அதற்கு அவ்வளவாக எட்டாது. மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் சத்தமே இல்லையென்று பதறுவார்கள். அந்நிலையில் நடுமுனை நேரே சேஸிஸில் தரைப்பட்டுவிடுகிறதாதலால், மௌனமே அதன் ஒழுங்கான நடத்தை.

இடத்தின் குற்றத்தையும் கருவியின்மேல் ஏற்றிவிடக் கூடாது. சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் கிந்தாவிலும் பால்மரத் தோட்டங்களின் நடுவே எழுந்த மாரியம்மன் கோயில்களுட் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் கைமாறி, லயத்துச் சனங்கள் ஈப்போவின் புந்தோங் முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த பின்பும், திருவிழாத் தோறும் பழைய குடும்பங்களைத் திரும்ப வரவழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தகைய கோயில் வாசலில், சுவரோ கூரையோ இல்லாத திறந்த வெளியில், அறைக்குள் ஒத்திகை பார்த்தபோது கேட்ட பேஸ் கேட்காது; மூலைச் சுவர்கள் திருப்பித் தந்து வலுப்படுத்திய தாழ்ந்த நாதங்கள் இப்போது செம்பனை வரிசைகளுக்கிடையே போய் மறைகின்றன. சத்தத்தைக் குறைத்து வாசித்தாலும் பேஸ் மெலியும். தாழ்ந்த அதிர்வெண்களைச் சிறு ஒலியளவில் மனிதச் செவி சரிவரக் கேளாது என்பதை 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டனர். டிரெபிள் போதவில்லை என்று எப்போதும் குறைப்படுபவர் அறுபது வயதைக் கடந்தவரானால், குழுவிலுள்ள இளையவர் ஒருவரையும் கேட்கச் சொல்வது நலம்; வயதேற ஏற மேல் அதிர்வெண்கள் செவியை விட்டு முதலில் விலகுகின்றன, இதை மரியாதையாகச் சொல்வதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும்.

கேபிளும் ஐயத்துக்குரியதே. வாத்தியக் கேபிளில் மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் என்ற அளவில் கொள்ளளவு உண்டாதலால், 10 மீட்டர் கேபிளை இழுத்து மேடையின் மறுகோடிக்குப் போனால், 4 ஹென்றி அளவுள்ள கிதாரின் பிக்கப் சுருளோடு அது சேர்ந்து 2,500 ஹெர்ட்ஸ் அருகே ஒத்திசைந்து, அதற்கு மேற்பட்ட பளபளப்பையெல்லாம் தேய்த்துவிடும். எனவே வேறு வாத்தியத்தையும் குட்டையான கேபிளையும் பூட்டிக் கேட்ட பிறகே பெட்டியின்மேல் குற்றம் சாட்ட வேண்டும்.

இனி மெய்யான பழுதுக்கு வருவோம். முன்சொன்ன தோட்டத்துக் கோயிலொன்றின் இன்னிசைக் குழுவிலிருந்து ஓர் இளைஞர் பழைய வால்வு ஒலிபெருக்கியைத் தூக்கிவந்து, "அண்ணே, பேஸ் ஏத்துனா கரகரன்னு அடிக்குது, கொறச்சா சரியாயிடுது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். சாமானியமாகப் பழுதுபார்ப்பவர், "தூசி ஏறியிருக்கும் தம்பி" என்று கூறி, கண்ட்ரோலின் இடுக்கில் துப்புரவுத் திரவத்தைப் பீய்ச்சி, நாலைந்து தரம் முன்னும் பின்னும் திருகிக் கொடுத்துவிடுவார். கரித்தடத்தில் தூசியும் பிசுக்கும் ஏறியதனால் உண்டாகும் கரகரப்பு இதில் தீர்ந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கரகரப்பு, குமிழைத் திருகும் தறுவாயில் மட்டும் கேட்டு, திருகலை நிறுத்தியதும் நின்றுவிடும். இளைஞர் சொன்னதோ வேறு: பேஸை ஏற்றி வைத்திருக்கும் வரையில் நாதம் சிதைந்தே வருகிறது என்பது அவர் முறையீடு. இந்த வேறுபாட்டைக் காதில் வாங்கிக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

முதல் வால்வின் ஆனோடில் 150 முதல் 200 வோல்ட்டை ஒட்டி நேர்மின்னழுத்தம் நிற்கிறது. அது டோன் கண்ட்ரோலுக்குள் நுழையாமல் காவல் நிற்பவை முன்சொன்ன மூன்று கண்டென்சர்களே. அவை குற்றமற்றிருக்கும்வரை, குமிழ்களின் எந்த முனையிலும் சேஸிஸுக்கு எதிரே நேர்மின்னழுத்தம் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் சிறிதே கசியத் தொடங்கி, அதன் கசிவுத்தடை இரண்டு கோடி ஓம் என்ற நிலைக்கு வந்துவிட்டதென்று கொள்வோம். பேஸை முழுதும் ஏற்றினால் அதன் கண்ட்ரோல் இரண்டரை லட்சம் ஓம் ஆகிறது. 180 வோல்ட் அழுத்தத்தில் இந்தக் கசிவு அங்கே ஏறத்தாழ 2.2 வோல்ட்டை உண்டாக்கும். 2.2 வோல்ட் அற்பமெனத் தோன்றலாம்; ஆனால் அதன் பெரும்பகுதி, ஒலியளவுக் குமிழை ஏற்ற ஏற, அடுத்த வால்வின் கிரிட்டைச் சென்றடைகிறது. அந்தக் கிரிட்டோ கேத்தோடைவிட ஒன்றரை வோல்ட்டை ஒட்டித் தாழ்ந்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இப்போது அந்தத் தாழ்வு தேய்ந்து மறைவதால் நாதம் ஒரு பக்கம் நசுங்கிச் சிதைகிறது. பேஸைக் குறைத்தவுடன் கண்ட்ரோலின் தடை பூஜ்யமாகி, கசிந்த மின்சாரம் மிடில் கண்ட்ரோலின் பத்தாயிரம் ஓம் வழியே சுலபமாகத் தரையிறங்க, அழுத்தம் அழிந்து நாதம் தெளிகிறது. இளைஞரின் ஒரே வாக்கியத்தில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

இந்தக் கசிவை, சுற்றிலிருந்து கண்டென்சரைக் கழற்றிச் சாதாரண ஓம்மீட்டரில் சோதிப்பவர் காணமாட்டார். மீட்டருக்குள்ளிருக்கும் சிறு பாட்டரியின் சில வோல்ட்டுகளில் உத்தமனாக நடந்துகொள்ளும் கண்டென்சர், 180 வோல்ட் மேலே ஏறியதும் தன் சொரூபத்தைக் காட்டும். ஆகையால் ஒலிபெருக்கி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வால்வு சூடேறிய பிறகு, மீட்டரை நேர்மின் வோல்ட்டில் வைத்துக் கண்ட்ரோல்களின் முனைகளைத் தொட்டுப் பார்ப்பதே பிரத்தியட்ச சோதனை. ஒரு கோடி ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டர் இதற்கு ஏற்றது. பழைய முள்மீட்டரின் தாழ்ந்த தடை, அளக்கப்போன அழுத்தத்தைத் தானே பாதி விழுங்கிவிடும்.

இவ்விடத்தில் ஜாக்கிரதை அவசியம். வால்வு ஒலிபெருக்கியினுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். செருகியைப் பிடுங்கிய பின்பும் மின்வழங்கியின் வடிகட்டிக் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருந்து, கை வைத்தவரை வீழ்த்தவல்லவை. பற்றவைக்கும் வேலை எதற்கும் முன்னால், காப்பிட்ட ஒரு ரெசிஸ்டர் மூலம் அவற்றைத் தணித்து, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்டுகொள்ள வேண்டும். இயங்கும் பெட்டியில் அளக்கும்போது கறுப்பு முனையைச் சேஸிஸில் கவ்வவிட்டு, ஒற்றைக் கையால் மட்டும் அளந்து, காலடியில் ரப்பர் விரிப்பொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்டென்சர்கள் ஏன் கசிகின்றன என்பதற்குக் கிந்தா அடங்கிய பேராக்கின் சீதோஷ்ணமே பாதி விடை. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் இப்பிரதேசத்தில், மெழுகு தோய்த்த காகிதத்தால் செய்த பழைய கண்டென்சர்கள் நாளடைவில் ஈரத்தை உள்வாங்கிக்கொள்கின்றன. பழைய கரி ரெசிஸ்டர்களும் அவ்வாறே ஈரம் குடித்து மதிப்பில் ஏறிவிடும். ஒரு லட்சமாயிருக்க வேண்டியது இரண்டு லட்சமாகிவிட்டால், பேஸும் மிடிலும் வர வேண்டிய பாதை ஒடுங்கி, வருஷத்துக்கு வருஷம் நாதம் மெலிந்துகொண்டே போகும். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாதபடி இது நிகழ்வதால், யாரும் முறையிடுவதில்லை. பாகங்களைத் தாங்கும் நார் அட்டையே ஈரமேறி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிய பெட்டிகளும் உண்டு. அத்தகைய அட்டையில் பாகமெதையும் தொடாத வெற்றிடத்தில் மீட்டர் முனையை ஊன்றினாலும் சில வோல்ட் காட்டும். திருவிழா முடிந்ததும் பெட்டியைக் கோயிற் பின்கட்டில் போட்டு மூடி, அடுத்த ஆடிக்கு எடுக்கும் வழக்கம் இதற்கெல்லாம் துணைபோகிறது. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் இயக்கி வைத்தால் அந்தச் சூட்டிலேயே ஈரம் ஓரளவு நீங்கும்.

கசிவைப் போலவே அறுபடலும் உண்டு. அதையும் செவியாலேயே பெரும்பாலும் இடங்காணலாம். எக்குமிழை எப்படி வைத்தாலும் நாதம் போர்வைக்குள்ளிருந்து வருவதாகவும், டிரெபிளைத் திருகினால் அனேகமாக ஒன்றும் நிகழாததாகவும் இருந்தால், 250 பைக்கோஃபாரட் கண்டென்சரோ அதன் பற்றவைப்போ அறுந்திருக்கிறது. அதற்கு நேர்மாறாக, மெல்லிய கீச்சொலி மட்டும் வந்து, பேஸும் மிடிலும் உயிரற்றுக் கிடந்தால், ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் திறந்துவிட்டது. டிரெபிள் கண்ட்ரோலின் கரித்தடம் நடுவில் வெடித்திருந்தால், வெடிப்புக்கு ஒரு பக்கம் கார்வை மட்டும், மறுபக்கம் கீச்சு மட்டும் கேட்கும். இரண்டும் சேரும் நிலை எங்கும் கிடைக்காது. எல்லாவற்றிலும் விசித்திரமானது, குமிழ்கள் மூன்றும் ஏறக்குறையச் செயலற்றுப்போக, ஒலிபெருக்கி முன்னிலும் பன்மடங்கு உரக்க முழங்குவது. புதிதாக வேலை பழகுபவர் இதைப் பழுதென்று நம்பவே மறுப்பார். சத்தம் கூடுவது லாபம்தானே என்பார். மிடில் கண்ட்ரோலின் தரை இணைப்பு விட்டுப்போயிற்று என்பதே இதன் பொருள்: கழிக்க வேண்டியதைக் கழிக்கும் வடிகால் அடைபட்டதால், எல்லாம் முழுதாக வெளியே பாய்கிறது.

அறுபட்டதாகச் சந்தேகிக்கும் கண்டென்சரின் இருமுனைகளுக்குக் குறுக்கே, அதே மதிப்பும் 400 வோல்ட்டுக்குக் குறையாத தாங்குதிறனும் கொண்ட நல்ல கண்டென்சரொன்றைக் கவ்விகளால் தற்காலிகமாகப் பூட்டிக் கேட்டால் சந்தேகம் நிவர்த்தியாகும். மின்சாரத்தை நிறுத்தித் தணித்த பின்பே பூட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கசியும் கண்டென்சருக்கு இந்த உபாயம் பயன்படாது. அதைக் கழற்றியே தீர வேண்டும்.

கண்ட்ரோலை மாற்ற நேர்ந்தால், தடையின் அளவை மட்டும் சொல்லி வாங்கிவிடக் கூடாது. நாம் வாங்கும் ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்ற குறி மடக்கை வகையையும், பி என்ற குறி நேர்வீத வகையையும் காட்டுகிறது. செவி ஒலியை மடக்கை வீதத்தில் உணர்வதால், ஏ இருக்க வேண்டிய இடத்தில் பி வைத்துவிட்டால், மாறுதல் முழுவதும் திருப்பத்தின் ஒரு கோடியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஏ தீர்ந்துபோனால் பி-யை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லும் கடைக்காரருக்கு நாம் தலையாட்ட வேண்டியதில்லை.

பற்றவைக்கும் ஈயத்தைப் பற்றியும் சில சொல்லலாம். கிந்தாவில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போவது நன்றியன்று. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த உலோகம் 183 பாகை செல்சியஸில், இடையில் குழம்பு நிலை எதுவுமின்றி, ஒரே தறுவாயில் உருகி ஒரே தறுவாயில் உறைகிறது. உறையும்போது இணைப்பு அசையாதிருந்தால் பளிச்சென்ற மேற்பரப்பு கிடைக்கும். அசைந்தாலோ, சூடு போதாமற் போனாலோ, மங்கிச் சொரசொரத்து, சில மாதங்களில் மயிரிழை வெடிப்புக் கண்டுவிடும். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஈயம் வாரும் கப்பல் இன்று காட்சிப்பொருளாக நிற்கிறது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் எஞ்சிய லம்பங்களும் பெரும்பாலும் ஓய்ந்தன. ஆயினும் அக்காலத்து ஒலிபெருக்கியொன்றின் பழைய இணைப்பில் இந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளீயம் கலந்திருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு அதை உருக்குவதில் எனக்கு ஒரு தனி உவகை உண்டு.

டிரான்சிஸ்டர் ஒலிபெருக்கிகளில் உயர்ந்த அழுத்தமில்லாததால், கசிவைவிட உலர்தலே மிகுதியான குற்றம். நிலைக்கு நிலை சைகையைக் கடத்தும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஒன்று 1 மைக்ரோஃபாரட் அளவினதாயிருந்து, பத்தாயிரம் ஓம் தடைக்குச் சைகையை ஊட்டினால், 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதையெல்லாம் அது தாராளமாக விடும். வருஷக்கணக்கான சூட்டில் அது உலர்ந்து 0.1 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கினால், அந்த எல்லை 159 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கிதாரின் தாழ்ந்த தந்தியும், கீபோர்டின் இடக்கை வாசிப்பும் அதன் கீழே அகப்பட்டு நலிய, பேஸ் குமிழ் நிரபராதியாயிருந்தும் பழி சுமக்கும். மற்றொன்று, கண்ட்ரோல்களை நேரே அச்சுப்பலகையில் பற்றவைத்திருக்கும் பெட்டிகளில், லாரியில் ஏற்றி இறக்கும்போது குமிழ் எதிலாவது இடிபட்டு, அந்த அதிர்ச்சி முழுவதையும் மூன்று சிறு ஈயப் புள்ளிகளே தாங்க நேர்வது. குமிழை விரலால் மெல்ல மேலும் கீழும் அழுத்தும்போது நாதம் விட்டுவிட்டு வந்தால், பலகையைத் திருப்பி அம்மூன்று புள்ளிகளையும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்து, முகப்புத் தகட்டில் கண்ட்ரோலை இறுக்கும் நட்டு தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்து முறுக்க வேண்டும். நட்டை விட்டுவிட்டு ஈயத்தை மட்டும் புதுப்பித்த பெட்டி அடுத்த திருவிழாவுக்குள் மறுபடியும் பட்டறைக்கு வரும்.